முகப்பும் தளவாடியும்: எர்லிக்கின் வீடு பற்றிச் சில குறிப்புகள்

எம்மைப் போலவே ஆசிரியத் தொழில் புரியும் நண்பரொருவர் அண்மையில் ஒரு புகைப்படத்தைத் தமது கைத்தொலைபேசியில் எமக்குக் காட்டினார். பழைய ஆங்கில வீடொன்றின் முகப்பு அது. சாளர விளிம்பை ஒற்றைக் கையாற் பற்றிக்கொண்டு ஒரு பெண் தொங்குகிறாள். சிறுவன் ஒருவன் பல்லியைப்போலச் சுவரிலே ஒட்டிக் கிடக்கிறான். இன்னொருவர் சுவரிலே பாதம் பதித்து, மரக்கொம்புபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறார். விழுந்துவிடுவோமென்ற அச்சம் எவர் முகத்திலும் இல்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள்.

“கார்னிவல் வித்தை” என்றார் நண்பர். “இதைப் போய்க் கலையென்று கொண்டாடுகிறார்கள். உள்ளடக்கம் வற்றிப்போன சமுதாயத்தில் உருவம் இப்படித்தான் குட்டிக்கரணம் போடும்.”

அவர் கூற்றிலே நியாயம் உண்டு. உருவத்தை மட்டும் தொழுது, வாழ்க்கையைப் புறக்கணித்த கலைகளை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தவர்கள் நாம். ஆயினும், அந்தப் படத்துடன் வேறொரு படமும் இருந்தது. அது பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதைக் கண்டபின், நண்பரின் தீர்ப்பை அப்படியே ஒப்புக்கொள்ள எம்மால் முடியவில்லை. அந்த இரண்டாவது படம் எமக்கு உணர்த்தியதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். நேரிற் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டாத ஒரு படைப்பைப் பற்றி எழுதுகிறோம் என்பதையும் ஆரம்பத்திலேயே கூறிவிடுதல் நேர்மையாகும். படங்களிலும் காணொளிகளிலும் கண்டதே எமது அறிவு. அவ்வாறு காண்பதில் உள்ள ஆபத்தைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

படைப்பின் பெயர் ‘டால்ஸ்ரன் வீடு’. ஆக்கியவர் லியாண்ட்றோ எர்லிக். ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவனோஸ் அயர்சிலே 1973ஆம் ஆண்டு, கட்டடக் கலைஞர்கள் நிறைந்த குடும்பமொன்றிற் பிறந்தவர். 2004இல் பாரிஸ் மாநகரிலே, விடியும்வரை கலைநிகழ்ச்சிகள் நடக்கும் ‘வெள்ளை இரவு’ விழாவுக்காக இத்தகைய வீட்டை அவர் முதன்முதல் அமைத்தார். பின்னர் உலகின் பல நகரங்களில், அந்தந்த ஊரின் வீட்டு முகப்பையொட்டி மீண்டும் மீண்டும் அமைத்தார். இலண்டன் நகரின் பாபிக்கன் கலைநிலையம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 2013ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியிலிருந்து ஓகஸ்ட் மாத ஆரம்பம்வரை, ஹக்னிப் பகுதியிலுள்ள டால்ஸ்ரன் சந்திப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில், அஷ்வின் வீதியிலே கிடந்த ஒரு வெறுங்காணியில் இது நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விக்ரோறியா மகாராணி காலத்திற் கட்டப்பட்ட தொடர்வீடு ஒன்றின் முகப்பே அதற்கு மாதிரி.

இரண்டாவது படத்திற்கு வருவோம். அதிலே வீடு நிற்கவில்லை, படுத்திருக்கிறது. கதவும் சாளரங்களும் சித்திர வேலைப்பாடுகளும் கொண்ட முகப்பு முழுவதும், வானத்தைப் பார்த்தபடி தரையிலே கிடத்தப்பட்டிருக்கிறது. அதன் அடிப்புறத்திலிருந்து, மிகப் பெரிய தளவாடியொன்று 45 பாகையிற் சரிந்து முகப்பின்மேற் கவிந்து நிற்கிறது. வந்தவர்கள் தரையிலே கிடந்தும் உருண்டும் காலை மடக்கியும் விளையாடுகிறார்கள். தளவாடியில் அந்த வீடு நிமிர்ந்து நிற்கிறது. அவர்கள் அதிலே தொங்குகிறார்கள். ஒளித்துவைத்த கயிறு இல்லை, திரைமறைவு இல்லை. ஏமாற்றும் பொருளும் ஏமாறும் கண்ணும் ஏமாற்றப்படும் விதமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் கிடக்கின்றன.

இதனை வகுப்பறையிலே செய்து பார்த்தோம். தமிழ் ஆசிரியர் விஞ்ஞானகூடத்துத் தளவாடியை இரவல் கேட்டது சக ஆசிரியர்க்கு வேடிக்கையாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பிறிஸ்டல் அட்டையிலே மாணவர் ஒரு வீட்டு முகப்பை வரைந்தனர். அட்டையை மேசையிற் கிடத்தி, வீட்டின் அடிக்கோட்டிலே தளவாடியை ஊன்றி, மெல்லச் சரித்தோம். தளவாடி தரையோடு எவ்வளவு கோணம் அமைக்கிறதோ, அதன் இருமடங்கு கோணத்தில் விம்பம் நிற்கும் என்பது கேத்திரகணிதம். ஆகவே 45 பாகை வந்ததும் வீடு 90 பாகையில் எழுந்து நின்றது. கொஞ்சம் தாழ்த்தினால் எம்மீது விழ வருவதுபோல முன்சாய்ந்தது. உயர்த்தினால் மயங்கியவர்போலப் பின்சாய்ந்தது. கோணமானியை வைத்துக்கொண்டு பல வருடமாகப் படித்தும் விளங்காத ஒன்று ஒரே கணத்தில் விளங்கியதாக மாணவன் ஒருவன் கூறினான். வீட்டுக்குப் பெயரெழுதிய மாணவிக்கு மட்டும் ஏமாற்றம். அவளுடைய எழுத்துகள் தளவாடியில் இடம் வலமாக மாறிவிட்டன. அழித்து, மறுபுறமாக எழுதவேண்டியதாயிற்று.

பிறகு அட்டையின்மேல் ஒரு துளி தண்ணீர் சிந்தினோம். தளவாடியிலே அந்தத் துளி செங்குத்தான சுவரில் ஒட்டி நின்றது, வழியவில்லை. எர்லிக்கின் வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. தொங்குபவளின் கூந்தல் காலை நோக்கித் தொங்காமற் சுவரோடு படிந்து கிடக்கும். உடையின் மடிப்புகளும் சுவரை நோக்கியே விழும். சற்று நிதானித்துப் பார்ப்பவன் எந்தப் புகைப்படத்திலும் இதைக் கண்டுகொள்வான். புவியீர்ப்பு பொய் சொல்லாது. ஆனால் நாம் முதலிற் கூந்தலைப் பார்ப்பதில்லை, வீட்டையே பார்க்கிறோம்.

ஏன் வீட்டைப் பார்க்கிறோம்? இப்படைப்பிலே ஒன்றல்ல, இரண்டு சமச்சீர்கள் உள்ளன. முதலாவது, வீட்டு முகப்பின் இடமும் வலமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் பழகிய சமச்சீர். இரண்டாவது, தரையிற் கிடக்கும் முகப்புக்கும் தளவாடியில் நிற்கும் முகப்புக்கும் இடையிலுள்ள சமச்சீர். இதன் அச்சு சரிந்து கிடக்கும் அந்தத் தளவாடியே. மாயத்தை உண்டாக்குவது இரண்டாவது. கண்ணைக் கவர்ந்து இழுப்பதோ முதலாவது. செங்குத்தான அச்சைச் சுற்றிய சமச்சீரையே மனிதக் கண் மிக இலகுவாக இனங்காண்கிறது என்பதை ஏர்ணஸ்ட் மாக் என்னும் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். சரிந்த அச்சைக் காண உழைப்பு வேண்டும். எர்லிக் எமக்கு எளிதான சமச்சீரைத் தூண்டிலாகப் போட்டு, அரிதான சமச்சீரிலே சிக்கவைக்கிறார்.

காண்பது என்பது ஒளி கண்ணில் விழுவதோடு முடியும் காரியமன்று. மூளை கடந்தகால அனுபவத்தைக் கொண்டு ஓர் ஊகத்தைச் செய்கிறது. அந்த ஊகமே நமது காட்சி என்பது றிச்சட் கிறெகறி என்னும் உளவியலறிஞரின் கருத்து. வீடுகள் நிற்கும், கதவுகள் நிற்கும், எனவே, இதுவும் நிற்கிறது. நூறு முறை தரையைச் சுட்டிக்காட்டினாலும் கண் தன் ஊகத்தைக் கைவிடாது. அறிவு வேறு, காட்சி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கூறிவிட முடியாது.

ஆனால் அந்தக் கடந்தகால அனுபவம் என்பது யாருடைய அனுபவம்? சேகல், காம்பெல், ஹேர்ஸ்கோவிற்ஸ் ஆகிய மூவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. அம்புத்தலை பூட்டிய இரு கோடுகளுள் ஒன்று நீண்டதாகவும் மற்றது குறுகியதாகவும் தோன்றும் பிரசித்தமான மாயத்தோற்றத்தை அவர்கள் பல சமூகத்தாரிடம் காட்டினார்கள். நேர்கோடுகளும் செங்கோணங்களும் நிறைந்த நகரங்களில் வாழும் ஐரோப்பிய, அமெரிக்க மக்கள், ஆபிரிக்கச் சமூகங்கள் பலவற்றைச் சேர்ந்தோரைவிட அதிகமாக ஏமாறினார்கள். தச்சனும் கொத்தனும் அமைத்த உலகமே அந்தக் கண்ணைப் பழக்கியது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த விளக்கம் முழுவதும் சரிதானா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும், கண்ணும் சமுதாயத்தினுள்ளே வளர்கிறது என்னும் உண்மையை அது கோடிட்டுக் காட்டுகிறது. பாரிசில் ஒரு முகப்பு, இலண்டனில் வேறொரு முகப்பு என எர்லிக் மாற்றிமாற்றி அமைப்பதன் காரணமும் இதுவே. அந்தந்த ஊரார் நாளும் பார்த்துப் பழகிய சுவரே அவர்களை நன்றாக ஏமாற்றவல்லது.

இனி, நண்பரின் ‘வித்தை’ என்ற சொல்லுக்கு வருவோம். கண்ணை ஏமாற்றும் கட்டடங்கள் புதியவையல்ல. உரோமாபுரியிலே கருதினால் ஸ்பாடாவின் மாளிகையில், 1653ஆம் ஆண்டளவில் பொறோமினி என்னும் கட்டடக் கலைஞர் ஒரு தூண்மண்டபத்தை அமைத்தார். அதன் உண்மையான நீளம் ஏறக்குறைய ஒன்பது மீற்றர். ஆனால் தூண்கள் படிப்படியாகச் சிறுத்து, தரை மெல்ல உயர்ந்து, கூரை தாழ்ந்து செல்வதால், அது முப்பது மீற்றருக்கும் மேலாக நீண்டு செல்வதுபோலத் தோன்றும். அதன் முடிவிலே ஆளுயரச் சிலைபோல நிற்பது ஒரு மீற்றரும் இல்லாத சிறு உருவம். அதே நகரின் புனித இக்னேசியஸ் ஆலயத்திலே கோபுரக் கவிகை கட்டி முடிக்கப்படவில்லை. அன்டிறேயா பொற்சோ என்னும் இயேசுசபைத் துறவி 1685இல் தட்டையான துணியிலே கவிகையொன்றைத் தீட்டி, அந்த இடத்தை நிரப்பினார். கீழே தரையிலே ஒரு சலவைக்கல் வட்டம் பதிக்கப்பட்டுள்ளது. அதன்மேல் நின்று பார்த்தால் மட்டுமே கவிகை முழுமையாக எழும். விலகி நடந்தால் அது சரிந்து குலையும். நடுக்கூடத்து விதானத்திலோ, நான்கு கண்டங்களுக்கும் ஒளி பரப்பும் அச்சபையின் மகிமையை அவர் தீட்டிவைத்தார்.

இவற்றின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தச் சலவைக்கல் வட்டத்தைச் சற்றுச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கலைஞனும் அவனை அமர்த்திய நிறுவனமும் முன்னரே தீர்மானித்துவிட்டார்கள். அங்கே நில், அப்போது உண்மை உனக்குத் தெரியும். வேறிடத்தில் நின்றால் உலகம் உனக்குக் கோணலாகவே தெரியும்.

சமச்சீரின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. வேர்சேல்ஸ் அரண்மனையின் ஆடிமண்டபம் 1678க்கும் 1684க்கும் இடையில் எழுந்தது. அங்கே 17 சாளரங்களுக்கு நேரெதிரே 17 ஆடி வளைவுகள். ஆடித்துண்டுகள் மொத்தம் 357. தோட்டமும் வானமும் அரசனுடைய சுவருக்குள்ளேயும் இருக்கின்றன என்பதே அதன் பொருள். 1701இல் பதினான்காம் லூயி தன் படுக்கையறையை அரண்மனையின் நட்டநடுவிற்கு மாற்றிக்கொண்டான். இடமும் வலமும் ஒத்த அந்தப் பெருங்கட்டடத்தின் அச்சிலே அரசன் துயின்றான். இலண்டன் தொழிலாளரும் எழுதுவினைஞரும் வாழ்ந்த தொடர்வீடுகளிலும் சமச்சீர் உண்டு. அடுத்தடுத்த இரு வீடுகள் ஒன்றன் விம்பமாக மற்றது அமைய, கதவுகள் சோடியாக வரும். ஆனால் அங்கே சமச்சீரின் காரணம் மகிமையன்று, சிக்கனம். நடுச்சுவரும் புகைபோக்கியும் இரு வீடுகளுக்கும் பொதுவாகும்போது கட்டுபவனுக்குச் செங்கல் மிஞ்சும். ஒரே வடிவம் ஓரிடத்தில் ஆதிக்கத்தையும் வேறோரிடத்தில் கட்டுபவனின் இலாபக் கணக்கையும் பேசுகிறது. வடிவத்தை மட்டும் வைத்து அழகுபற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

எர்லிக்கின் வீட்டிலே சலவைக்கல் வட்டம் இல்லை. இதுவே எமது முதன்மையான வாதம். பொற்சோவின் துணி, ஓர் இடத்துக்கென்று கணித்துத் தீட்டப்பட்டது. தளவாடி அப்படியன்று, அதன் மாயவிம்பம் எவ்விடத்தில் நிற்பவனுக்கும் சரியாகவே தெரியும். ஒருவன் இடப்புறம் நின்றாலும் மற்றவன் வலப்புறம் நின்றாலும் இருவருக்கும் ஒரே வீடு, நிமிர்ந்தபடி. தரையிற் கிடப்பவனும் அண்ணாந்து பார்த்துத் தான் தொங்குவதைத் தானே காண்கிறான். பார்ப்பவர் ஒருபுறம், காட்சிப்பொருள் மறுபுறம் என்ற பிரிவு இங்கே கரைகிறது. மனிதர் ஏறாதவரையில் அது தரையிற் கிடக்கும் ஒரு முகப்பு, அவ்வளவே. நிற்பவர் ஏறவும் கிடப்பவர் இறங்கி வந்து பார்க்கவும் வழி திறந்திருக்கிறது. ஏமாறுபவனே மறுகணம் ஏமாற்றுபவன். அவன் அந்தப் பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்துகொண்டே வீடு திரும்புகிறான்.

ஜேர்மனிய நாடகாசிரியர் பிறெக்ட், மேடையின் விளக்குகளை மறைக்காமற் பார்வையாளர் கண்ணிற் படும்படி வைக்கவேண்டுமென்று வற்புறுத்தினார். நிலவு தானாக உதிக்கவில்லை, ஒருவர் ஏற்றிவைத்தார் என்பது தெரிந்தால், சமுதாயத்திலும் தானாக உதித்ததாகத் தோன்றுகின்றவற்றை மக்கள் ஐயுறுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. டால்ஸ்ரன் வீட்டை அந்த நம்பிக்கையின் ஒரு தூரத்து உறவினர் என்று கூறலாம். உறவினர் என்றுதான் கூறுகிறோம், வாரிசு என்றல்ல. காரணம் பின்வருமாறு.

வகுப்பறைச் சோதனை முடிந்து மணியடித்த பின்பு, பெயரை மறுபுறமாக எழுதிய அதே மாணவி எம்மிடம் வந்தாள். “சேர், இந்த வீட்டுக்கு உள்ளுக்கை போகேலாதோ? உள்ளுக்கை ஆர் இருக்கினம்?” என்று கேட்டாள். முகப்புச் சுவர் மட்டும் எஞ்சிய வீடுகளைப் போருக்குப் பின்னும் நெடுங்காலம் வழிநெடுகக் கண்ட ஊர் எமது ஊர். வீடென்றால் உள்ளே ஆள் இருந்திருக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்ததில் வியப்பில்லை. எமக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அது அவளுக்கு உவப்பான பதிலன்று. இந்த வீட்டுக்கு உள் இல்லை.

அஷ்வின் வீதிக் காணி ஏன் வெறுங்காணியாகக் கிடந்தது? இரண்டாம் உலக யுத்தத்திலே குண்டு விழுந்த இடம் அது. அதன்பின் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. படைப்பை வரவழைத்த பாபிக்கன் நிலையம் நிற்பதும் 1940 டிசம்பரிற் குண்டுவீச்சில் எரிந்த நிலத்திலேயே. பாபிக்கனில் மாநகர ஆட்சி அடுக்குமாடிகளையும் கலைநிலையத்தையும் எழுப்பியது. டால்ஸ்ரனிலோ காணி கிடந்தது. குண்டுக்கு முன்னர் அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பங்களின் கதை எதுவும் எர்லிக்கின் வீட்டில் இல்லை. எல்லா நகரத்துக்கும் பொருந்தும் பொறியாகவே அவர் அதை அமைத்தார்.

காலத்தையும் நோக்குக. 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், இங்கிலாந்திலே உள்ளூராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தோர் அவற்றை விலைக்கு வாங்கும் உரிமையை வழங்கியது. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை எழவில்லை. பொதுவீடுகளின் தொகை தேய்ந்துகொண்டே வந்தது. 2010இல் டால்ஸ்ரன் சந்திக்குப் புதிய புகையிரதப் பாதை வந்தது. 2012இல் கிழக்கு இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. வாடகை ஏறியது, ஏழைகள் விலகினர். அதே 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து, ஆளில்லாமற் பூட்டிக் கிடக்கும் வீட்டிலே அனுமதியின்றிக் குடியேறுவது இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாயிற்று. ஹக்னியோ, 1970களில் வீடற்றோர் அவ்வாறு குடியேறிய இடங்களுட் பேர்பெற்றது. 2013 ஏப்ரில் முதலாம் திகதி இன்னொரு விதி நடைமுறைக்கு வந்தது. பொதுவீடுகளில் வாழும் வறியோரிடம் ஒரு படுக்கையறை மிகையாக இருப்பின் வாடகை உதவியில் நூற்றுக்கு 14 பங்கும், இரண்டோ மேலோ மிகையாயின் 25 பங்கும் வெட்டப்படும். மக்கள் அதனைப் ‘படுக்கையறை வரி’ என்று அழைத்தனர்.

அறைகளை எண்ணி ஏழைகளைத் தண்டித்த அந்த விதி வந்து மூன்று மாதங்கூட முடியவில்லை. ஓர் அறையும் இல்லாத வீடொன்று அந்த நகரில் எழுந்தது. பூட்டிய வீட்டுக்குள் நுழைந்தவனைச் சட்டம் சிறையிலடைக்கவல்ல காலத்தில், சாளரத்தாலும் கதவாலும் ஏறி விளையாட மக்கள் அழைக்கப்பட்டனர். இதனை எர்லிக் எண்ணித்தான் செய்தார் என்று சொல்ல எமக்கு ஆதாரமில்லை. அவர் எண்ணவில்லை என்றே ஊகிக்கிறோம். எண்ணியிருந்தால் அந்த வீடு வேறாக இருந்திருக்கும். ஒரு சாளரத்திலாவது உள்ளேயுள்ள வாழ்க்கையின் சுவடு தெரிந்திருக்கும். கலைஞன் உணராத வரலாறு அவன் படைப்பின் அடியிற் கிடப்பது புதிதன்று. அதை எடுத்துக்காட்டுவது விமரிசகனின் கடமை. ஆனால் எடுத்துக்காட்டியதும் கலைஞன் குற்றவாளியாகிவிடுவான் என்று நாம் கருதவில்லை. தவறியது அவர் கைத்திறன் அன்று. கேள்வி கேட்கும் எல்லை. ‘நீ காண்பது எப்படி உண்டாகிறது?’ என்று அவர் கேட்கிறார். ‘நீ எதில் வாழ்கிறாய்?’ என்று கேட்கவில்லை.

நண்பர் காட்டிய முதற்படத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். அதிலே தளவாடியின் விளிம்பு வெட்டப்பட்டிருந்தது, தரையும் இல்லை, நிமிர்ந்த வீடும் தொங்கும் மனிதரும் மட்டுமே. உலகம் முழுவதும் கைக்குக் கை மாறுவன பெரும்பாலும் இத்தகைய படங்களே. இங்கே பொறி மறைந்துவிட்டது. படம்பிடித்தவன் நின்ற இடமே ஒரே இடமாகிவிட்டது. அதாவது பொற்சோவின் சலவைக்கல் வட்டம் மறுபடியும் வந்துவிட்டது. நேரிலே வெளிப்படையான கலை, படத்திலே சாதாரண ஏமாற்றாக மாறிவிடுகிறது. அந்தப் படத்தை மட்டும் கண்ட நண்பர் ‘கார்னிவல் வித்தை’ என்று தீர்ப்பளித்ததை இப்போது நாம் குறை கூறுவதற்கில்லை. தாம் கண்டதற்கு அவர் சரியான பெயரையே இட்டார். மார்க்சும் எங்கெல்சும் தமது இளமைக் காலத்து நூலொன்றில், கருத்தியலை, எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் இருட்டறைப் படக்கருவிக்கு ஒப்பிட்டனர். டால்ஸ்ரனில் எதிரே நின்று நோக்கினால், தரையிலுள்ள வீடுதான் தலைகீழ். கூரை எம்பக்கம், வாசற்படி அப்பால். விம்பமே நிமிர்ந்தது. தரையை வெட்டியெறிந்த படத்தில், தலைகீழாய்க் கிடப்பது எது என்று கேட்கவே வழியில்லை.

எர்லிக்கின் பிற படைப்புகள் பலவற்றை இங்கு விரிவாகக் கூற இடமில்லை. யப்பானில் கனசாவா நகர நூதனசாலையில் 2004 முதல் உள்ள நீச்சற்குளம் பலரும் அறிந்தது. கண்ணாடித் தளத்தின்மேல் சிறிதளவே தண்ணீர். கீழேயுள்ள அறையில் உடை நனையாமல் மனிதர் நடமாடுவர். அழகானது, அதற்குமேல் எம்மிடம் சொல்ல அதிகமில்லை. தோக்கியோவில் 2017இலும் 2018இலும் நடந்த அவரது கண்காட்சியை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். திரளும் மக்கள் தொகையைக் கொண்டு ஒரு கலையை மக்கள் கலையென்று கூறிவிட முடியாது. அதே தொகையைக் கொண்டு அதை இழிவான கேளிக்கையென்று ஒதுக்கிவிடவும் முடியாது.

ஒன்றை மட்டும் தனியே குறிப்பிடல் வேண்டும். அது அவரது சொந்த நகரில், 2015 செப்டெம்பரில் நிகழ்ந்தது. புவனோஸ் அயர்சின் நடுவே 67.5 மீற்றர் உயரமான தூபியொன்று நிற்கிறது. நகர் தோன்றிய நானூறாவது ஆண்டின் நினைவாக 1936இல், கட்டடக் கலைஞர் அல்பேட்டோ பிறெபிஷின் திட்டப்படி எழுப்பப்பட்டது. நான்கு பக்கமும் ஒத்த, சமச்சீரின் உருவமேயான கூர்ங்கோபுரம். அதன் உச்சியிலே சிறு சாளரங்கள் உள்ளன. அந்நாளில் பொதுமக்கள் அங்கே ஏறிச்செல்ல வழியிருக்கவில்லை. ஒருநாட் காலை நகரத்தார் எழுந்து பார்க்கையில் தூபியின் கூர்முனையைக் காணவில்லை! வெட்டியெடுத்ததுபோல மொட்டையாக நின்றது. உண்மையில், முனையை மறைத்து ஒரு மூடியை எர்லிக் பொருத்தியிருந்தார். அதேவேளை, அந்நகரின் இலத்தீன் அமெரிக்கக் கலை நூதனசாலை வாயிலிலே அந்த முனையின் முழுப் பிரதியொன்று தரையில் வைக்கப்பட்டது. அதற்குக் கதவு இருந்தது. மக்கள் உள்ளே நுழைந்தனர். நான்கு சாளரங்களிலும் உச்சியிலிருந்து தெரியும் நகரத்தைக் கண்டனர். ‘சின்னத்தின் சனநாயகம்’ என்பது அதற்கு அவர் இட்ட பெயர்.

எம் மாணவி கேட்ட கேள்விக்கு டால்ஸ்ரனில் கிடைக்காத பதில் இங்கே பாதி கிடைக்கிறது. உயரத்தில் எவரும் நுழையாதிருந்த அறை தரைக்கு வந்தது. அதற்குள் ஆள் நுழைந்தார். பாதி என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அந்தச் சாளரங்களில் இருந்தவை ஒளிப்பதிவுத் திரைகள். நகரைக் காட்டின, ஆனால் அது முன்பே எடுத்துவைத்த நகரம். அங்கே தளவாடி இல்லை. நுழைந்தவர் அந்த நகரத்துக்குள் தம்மைக் காணமுடியவில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் கூறினோம். இரண்டாவது படத்தை மறுபடியும் வாங்கி நெடுநேரம் பார்த்தார். தளவாடியைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை விரலாற் சுட்டி, “இதைப் பொருத்தின தொழிலாளர் எத்தனை பேர்?” என்று கேட்டார். அதைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் நாம் படித்ததில்லை.